செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மாற்றி, எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, கூலண்ட் ஊற்றி, பேட்டரி டெர்மினலை முறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் (செல்ஃப்) சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. இடையிடையே ஒரு சின்ன இருமல், ஒரு தடவை இன்டேக் பக்கம் 'டப்' என்று ஒரு வெடிச் சத்தம், மற்றபடி வெறும் சுற்றல்தான். அங்கிருந்து வண்டி ஓடியது வரை என்னென்ன பார்த்தேன், எந்த அளவு என்ன காட்டியது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இந்தத் தேடலில் என்னை அதிகம் சுற்றவிட்டவை தவறாக வந்த அளவுகள் அல்ல, சரியாக வந்தவை. அதனால் அவற்றையும் விடாமல் சொல்கிறேன்.

வண்டி 1.4 லிட்டர் பெட்ரோல், 4 சிலிண்டர், 16 வால்வு, டைமிங் பெல்ட். இன்டேக் மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண எம்பிஎஃப்ஐ. காயில் பேக் ஒன்றுதான். அதற்குள் இரண்டு காயில். ஒன்று 1, 4 சிலிண்டர்களுக்கும் மற்றது 2, 3 சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் கரண்ட் கொடுக்கும். கிராங்க் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று ஈசியூவுக்கு (எஞ்சினை நடத்தும் கணினிக்கு) சொல்லும் கிராங்க் சென்சார் ஃப்ளைவீல் பக்கம், கியர்பாக்ஸ் உறையில் செருகியிருக்கும் இரண்டு பின் காந்த வகை.

செய்த வேலை: 2ஆம் சிலிண்டருக்குள் கூலண்ட் இறங்கிக்கொண்டிருந்ததால் ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து ஃபேஸ் அடித்து, வால்வுகளை உரசிக் கசிவு பார்த்து, புது கேஸ்கெட், புது போல்ட்டுகளோடு ஏற்றியது. டார்க் ரெஞ்சில் முதல் சுற்று, அதன் பிறகு கோணக் கணக்கில் முறுக்கு. கூடவே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் புதிது.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் நான் எடுத்தது மீட்டரை அல்ல, ஒரு தாளை. ரிப்பேருக்கு முன்னால் இந்த எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புகை விட்டுக்கொண்டாவது ஓடியது. அப்படியானால் கோளாறு நாம் கை வைத்த இடம் ஏதோ ஒன்றில்தான் இருக்க வேண்டும். பெட்ரோல் பம்ப், ஈசியூ, இம்மொபிலைசர் மாதிரி யாரும் தொடாத பொருள் அதே நாளில் தற்செயலாகப் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் கழற்றிய ஒவ்வொன்றையும் எழுதினேன்: டைமிங் பெல்ட், பெல்ட் பக்கத்து எஞ்சின் மவுண்ட் பிராக்கெட், இன்டேக் மேனிஃபோல்ட், ஃப்யூயல் ரெயில், இன்ஜெக்டர் கப்ளர்கள் (ஒயர் செருகும் இணைப்புகள்), காயில் கப்ளர், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சென்சார் கப்ளர், கூலண்ட் டெம்பரேச்சர் கப்ளர், வேக்குவம் குழாய்கள், எர்த் பட்டை, கிராங்க் சென்சார் கப்ளர். கடைசியில் இருப்பதன் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன். வயரிங்கை ஒதுக்கும்போது அந்தக் கப்ளரின் பிளாஸ்டிக் பொடிந்து பூட்டு உடைந்துவிட்டது. சூட்டில் பல வருடம் வெந்த பிளாஸ்டிக். ஒயரோடு வரும் புது கப்ளர் ஒன்றை வாங்கி, பழைய ஒயரை வெட்டி இணைத்திருந்தேன்.

இந்தத் தாளில் இருந்த கடைசி வரியைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது எளிது. அன்று கண் போனது முதல் வரிக்கு. பெல்ட் மாற்றிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் யாருக்கும் முதலில் வரும் சந்தேகம் டைமிங்தானே.

அதற்கு முன்னால் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.3. சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் அதற்குப் பிறகு எடுக்கும் எந்த அளவையும் நம்பக் கூடாது. ஈசியூவே ஒழுங்காக விழித்திருக்காது. அன்று முழுக்க சார்ஜரை மாட்டியே வைத்திருந்தேன். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவில் ஸ்டார்ட்டர் ஆற ஒரு நிமிடம் விட்டேன். டேஷ்போர்டில் இம்மொபிலைசர் விளக்கு எரிந்து அணைந்தது, சாவியில் சிக்கல் இல்லை. ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோடும் (கோளாறுக் குறியீடும்) இல்லை. நேரடி அளவுகளில் கூலண்ட் 31 டிகிரி, உள்ளே போகும் காற்று 30 டிகிரி. இந்த இரண்டும் ஆறிப்போன எஞ்சினில் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலண்ட் சென்சார் கப்ளரை மாட்ட மறந்திருந்தால் அங்கே மைனஸ் 40 என்று காட்டும். உறைபனியில் நிற்கிற வண்டி என்று நினைத்துக்கொண்டு ஈசியூ பெட்ரோலை அள்ளிக் கொட்டி பிளக்கை நனைத்துவிடும். ஹெட் வேலைக்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு இது அடிக்கடி காணும் காரணம். ஸ்கேனரில் ஒரு பார்வை போதும். என் வண்டியில் அது இல்லை.

சரி, டைமிங்.

காதால் கேட்டதிலேயே ஓரளவு பதில் இருந்தது. வால்வு டைமிங் நிறைய தவறியிருந்தால் கம்ப்ரஷன் இல்லாமல் செல்ஃப் வழுக்கிக்கொண்டு வேகமாக ஒரே சீராகச் சுற்றும். இங்கே ஒவ்வொரு சிலிண்டரும் தடுத்துத் தடுத்து விடுவது நன்றாகக் கேட்டது. வேகம்தான் கொஞ்சம் மந்தம். ஆனாலும் காதை மட்டும் நம்பி விட மனம் வரவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் கப்ளர்களையும் காயில் கப்ளரையும் பிடுங்கி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி கம்ப்ரஷன் கேஜ் வைத்தேன். 1ஆம் சிலிண்டர் 12.4 பார், 2ஆவது 12.1, 3ஆவது 12.4, 4ஆவது 12.5. ஹெட் வேலை நன்றாக அமைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். பிளக்குகள் லேசாக ஈரம், பெட்ரோல் வாடை இருந்தது. ஆனால் குளித்துவிட்ட ஈரம் இல்லை.

கம்ப்ரஷன் சரியாக இருந்தாலே டைமிங் துல்லியம் என்று ஆகிவிடாது. ஒரு பல் தள்ளியிருந்தாலும் கேஜ் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. இந்த எஞ்சினின் கிராங்க் புல்லியில் 20 பல், அதாவது ஒரு பல்லுக்கு 18 டிகிரி. அதனால் மேல் கவரைத் திரும்பக் கழற்றினேன். கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க் குறியும் இரண்டு கேம் குறிகளும் ஒரே நேரத்தில் தம் இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்தேன். வந்தன. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வந்தன. பெல்ட் மாட்டியதுமே இப்படிக் கையால் சுற்றிப் பார்க்காமல் செல்ஃப் அடிக்கவே கூடாது. வால்வும் பிஸ்டனும் முட்டும் வகை எஞ்சினாக இருந்தால் வால்வு வளைந்து ஹெட்டைத் திரும்ப இறக்க வேண்டியதாகிவிடும். அதை முதலிலேயே செய்திருந்தேன் என்றாலும், கவரை இரண்டாம் தடவை கழற்றியது வீண் இல்லை. அதற்குப் பிறகு பெல்ட்டைப் பற்றிய நினைப்பே வராமல் அடுத்த வேலையில் இறங்க முடிந்தது.

இனி அந்த மந்தமான சுற்றல். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் 190 அளவில் காட்டியது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிற, பேட்டரியும் நன்றாக இருக்கிற எஞ்சினுக்கு இது குறைவாகப் பட்டது. மல்டிமீட்டரின் சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான ஒரு போல்ட் தலையிலும், கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் (டெர்மினல் கிளாம்ப்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே) வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.9 வோல்ட். எர்த் வழி ஒழுங்காக இருந்தால் இங்கே 0.2க்கு மேல் வரக் கூடாது. அதாவது ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் திரும்பி வரும் வழியிலேயே தொலைகிறது.

ஓம் மீட்டரில் இதே எர்த்தைப் பார்த்தால் 0.1, 0.2 என்று காட்டி நல்ல பிள்ளையாக நிற்கும். மீட்டர் அனுப்பும் துளி மின்சாரத்துக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்குத்தான் அது தெரியும். அதனால் எர்த் பார்க்க ஓம்மை விட்டு, சுமை ஓடும்போது வோல்ட் பார்ப்பதே வழி.

காரணம் கண் முன்னாலேயே இருந்தது. பெல்ட் மாற்றக் கழற்றிய மவுண்ட் பிராக்கெட் துருப்பிடித்திருந்ததால் சுரண்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தேன். எர்த் பட்டையின் வளையம் உட்காரும் இடத்திலும் பெயின்ட் படிந்திருந்தது. அந்த வட்டத்தை மட்டும் எமரித் தாளால் வெள்ளி தெரியும்வரை தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசினேன். இப்போது 0.08 வோல்ட். ஆர்பிஎம் 240க்கு ஏறியது, சுற்றும் சத்தமே மாறிப்போனது.

கோளாறு கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடு பிளக்கை எல்லாம் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். வேகமாகச் சுற்றியது. பிடிக்கவில்லை. அதே இருமல்.

அடுத்தது கரண்ட். பிளக்கை ஒயரோடு எஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் பழைய முறையை நான் விட்டுவிட்டேன். திறந்த காற்றில் பிளக்கின் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுவது பலவீனமான காயிலுக்கும் எளிது. கம்ப்ரஷனுக்குள் தாண்டுவதுதான் கடினம். தவிர, பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் திறந்த பொறி ஆபத்து. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, மற்ற பிளக் துளைகள் அடைத்திருக்க, இன்ஜெக்டர் கப்ளர்கள் பிடுங்கியிருக்கச் செல்ஃப் அடித்தேன். நல்ல நீல நிறத்தில், சத்தத்தோடு பொறி வந்தது. ஆனால் வந்தவிதம் விசித்திரம். அடுத்தடுத்து இரண்டு மூன்று, பிறகு ஒன்றுமே இல்லை, கொஞ்ச நேரம் கழித்து ஒன்று, மறுபடி நிசப்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று என்று தாளம் தவறாமல் வர வேண்டியது, வந்தால் வந்தது என்று இருந்தது. நான்கு சிலிண்டரிலும் இதே கதை.

இந்த இடத்தில் காயில் மேல் சந்தேகம் போனது. பிரைமரி பக்கம் 0.7 ஓம், 1க்கும் 4க்கும் இடையே செகண்டரி 11 கிலோ ஓம், 2க்கும் 3க்கும் இடையேயும் ஏறக்குறைய அதே. மீட்டரில் குறை இல்லை. இருந்தாலும், இதே வகை வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து ஓடுகிற காயிலைக் கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்தேன். துளி மாற்றம் இல்லை. புதிதாக வாங்கியிருந்தால் இந்தத் தேடலிலேயே பெரிய வீண் செலவு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

யோசித்தால் காயில் சந்தேகத்துக்கு ஆதாரமே குறைவு. உள்ளே இருப்பது தனித்தனியான இரண்டு காயில். இரண்டும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் விட்டுவிட்டு வேலை செய்யுமா? அவற்றுக்குப் பொதுவான 12 வோல்ட் சப்ளையை டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போதும் விளக்கு அசையாமல் எரிந்தது.

பெட்ரோல் பக்கமும் பார்த்துவிடலாம் என்று ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டினேன். சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு விநாடி ஓடி நின்றது, முள் 3.5 பாரில் நின்றது, பத்து நிமிடம் கழித்தும் பெரிதாக இறங்கவில்லை. செல்ஃப் அடிக்கும்போதும் 3.5. இன்ஜெக்டர் கப்ளரில் செருகும் சின்னச் சோதனை விளக்கை மாட்டினேன். அங்கேதான் வழி திறந்தது. விளக்கு மின்னியது, ஆனால் பொறி வந்த அதே மாதிரி: இரண்டு மூன்று மின்னல், பிறகு இருட்டு, பிறகு ஒன்று.

பொறியும் விட்டுவிட்டு வருகிறது, இன்ஜெக்டரும் விட்டுவிட்டுத் திறக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ஒயர், தனித்தனி சப்ளை. இரண்டும் சேர்ந்து தடுமாறுகின்றன என்றால் இரண்டுக்கும் உத்தரவு போடும் இடத்தில்தான் தடுமாற்றம். ஈசியூவுக்கு கிராங்க் எந்த இடத்தில் இருக்கிறது என்று சில நேரம் தெரிகிறது, பல நேரம் தெரியவில்லை. கேம் சென்சாரை அப்போதே ஒதுக்கிவிட்டேன். இரண்டிரண்டு சிலிண்டராகப் பொறி போடும் இந்த அமைப்பில் பொறிக்கு கிராங்க் சென்சார் மட்டும் போதும். ஆக எஞ்சியது அந்த ஒரே சென்சாரும் அதன் இரண்டு ஒயரும். தாளின் கடைசி வரி.

ஆனால் இதற்கு எதிராக ஒரு சாட்சி இருந்தது. ஸ்கேனரில் ஆர்பிஎம் வந்துகொண்டிருந்ததே? செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்ஜியம் என்றால் கிராங்க் சென்சாரைப் பார், எண் வந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள் என்பது எல்லோரும் சொல்லும் விதி. நானும் அதைத்தான் முதல் நாளே பின்பற்றி சென்சாரை மனதிலிருந்து அழித்திருந்தேன். சென்சார் சிக்னல் அறவே இல்லாவிட்டால் வரும் பி0335 கோடும் இல்லை, சிக்னல் ஒழுங்கில்லாவிட்டால் வரும் பி0336 கோடும் இல்லை.

மீட்டரும் அதே பக்கம்தான் பேசியது. சென்சார் இரண்டு பின்னுக்கு நடுவே 870 ஓம். பின்னுக்கும், ஒயர்களைச் சுற்றி மூடியிருக்கும் ஷீல்டு வலைக்கும் இடையே தொடர்பு இல்லை. ஈசியூ கப்ளரைக் கழற்றி அந்த முனையிலிருந்து அளந்தாலும் அதே 870, அதாவது நடுவில் ஒயர் அறுந்திருக்கவில்லை. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்தால் 1.1 வோல்ட். சென்சாரைக் கழற்றி நுனியைத் துடைத்தேன், இரும்புத் தூள் ஒட்டியிருக்கவில்லை. துளை வழியே டார்ச் அடித்து ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்த்தேன், பற்களில் நசுங்கலும் இல்லை. எல்லாம் சரி, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை.

காயில் கொடுத்த நண்பரிடமே கையடக்க ஆசிலோஸ்கோப் (வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) ஒன்று இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு வந்து, "ஓம், வோல்ட் எல்லாம் விடுங்க, அலை எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றார். ஈசியூ கப்ளரின் பின்பக்கம் வழியாகச் சென்சாரின் இரண்டு ஒயரிலும் மெல்லிய ஊசி முனைகளைச் செருகி, ஒரு கட்டத்துக்கு 5 மில்லி விநாடி என்று வைத்துச் செல்ஃப் அடித்தோம்.

திரையில் பார்த்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஃப்ளைவீலில் இருப்பது 60 பல்லுக்கான இடம். அதில் அடுத்தடுத்த இரண்டு பல் இல்லை, ஆக 58 பல். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. 240 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 250 மில்லி விநாடி, அப்படியானால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 4.2 மில்லி விநாடி. பல் சென்சாரை நெருங்கும்போது வோல்ட் மேலே போகும், விலகும்போது கீழே போகும். பல்லின் நடு முதுகு சென்சாருக்கு நேரே வரும் அந்தக் கணத்தில் அலை மேலிருந்து கீழாகப் பூஜ்ஜியத்தைக் கடக்கும், அதுவும் செங்குத்தாக. ஈசியூ அந்த இறக்கத்தைத்தான் எண்ணுகிறது. இரண்டு பல் இல்லாத இடம் வந்தால் ஓர் இறக்கத்துக்கும் அடுத்த இறக்கத்துக்கும் நடுவே மூன்று மடங்கு நேரம், 12.5 மில்லி விநாடி ஆகும். அந்த நீண்ட இடைவெளிதான் அடையாளம். அதை வைத்துத்தான் 1ஆம் சிலிண்டர் மேலே வர இன்னும் எத்தனை பல் என்று ஈசியூ கணக்குப் போடுகிறது.

எங்கள் திரையில் அலை அழகாகவே இருந்தது. ஆனால் இடைவெளி தலைகீழாக இருந்தது. கடைசிப் பல்லைத் தாண்டியதும் அலை கீழே போய் மெல்ல ஏறிப் பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும். இங்கே மேலே போய் மெல்லச் சரிந்து வந்தது. அப்புறம் அடுத்த பல்லுக்கு மேலே எழ வேண்டியது கீழ்ப்பக்கம் இறங்கியது. இறக்கத்துக்கு இறக்கம் நேரத்தை அளந்தோம்: 4.2, 4.2, 8.5, 8.3, 4.2. மூன்று மடங்கு இடைவெளி ஒன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு மடங்கு இடைவெளி இரண்டு வந்திருந்தது. அலை கவிழ்ந்துவிட்டதால் ஈசியூ எண்ணுவது பல்லின் முதுகை அல்ல, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை. பெரிய பள்ளத்தின் நடுவிலும் ஓர் இறக்கம் விழுவதால் அந்த நீண்ட இடைவெளி இரண்டாக உடைந்துவிட்டது.

இதுவரை புரியாத எல்லாமே இதில் அடங்கிவிட்டது. வேகத்தைக் கணக்கிடப் பற்கள் வரும் வேகம் போதும், அதனால் ஸ்கேனரில் ஆர்பிஎம் வந்தது. இடத்தைக் கணக்கிட அந்த மூன்று மடங்கு இடைவெளி வேண்டும், அது கிடைக்கவில்லை. கம்ப்ரஷனை நெருங்கும்போது கிராங்க் வேகம் குறைந்து, தாண்டியதும் கூடுவதால் எப்போதாவது ஓர் இடைவெளி போதுமான அளவு நீண்டு தெரிந்திருக்கும். அப்போது ஈசியூ நம்பி இரண்டு மூன்று பொறி போட்டு, அடுத்த சுற்றில் கணக்கு இடித்ததும் நிறுத்திவிட்டது. அப்படிப் போட்ட பொறியும் தவறான கோணத்தில். இன்டேக்கில் கேட்ட 'டப்' அங்கிருந்து வந்ததுதான். 870 ஓம்முக்கும் 1.1 ஏசி வோல்ட்டுக்கும் எந்த முனை பாசிட்டிவ், எந்த முனை நெகட்டிவ் என்ற பேதமே கிடையாது, அதனால் மீட்டர் கடைசிவரை எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

வயரிங் படத்தை எடுத்து, சென்சாரின் 1ஆம் பின் ஈசியூவின் எந்தப் பின்னுக்குப் போக வேண்டும் என்று பார்த்து, சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஒயராகத் தொடர்ச்சி பார்த்தேன். மாறித்தான் இருந்தன. புது கப்ளரோடு வந்த இரண்டு ஒயரும் கறுப்பு. வண்டிப் பக்கத்து ஒயர்கள் வேறு வேறு நிறம்தான், ஆனால் புது கப்ளரில் எது 1, எது 2 என்று முகத்தில் பொறித்திருந்த சின்ன எண்ணைப் பார்க்காமலே இணைப்பு போடப்பட்டிருந்தது. முதலில் தற்காலிகமாகக் கிளிப் ஒயர் வைத்து மாற்றிக் கொடுத்து அலையைப் பார்த்தோம். இடைவெளி நேராக நின்றது, 12.4 மில்லி விநாடி. ஸ்பார்க் டெஸ்டரில் பொறி தாளம் தப்பாமல் வந்தது.

பிறகு இணைப்பை ஒழுங்காகப் போட்டேன். இரண்டு ஒயரின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் மூன்று சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி, பட் கிரிம்ப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். இரண்டு ஒயரையும் பழையபடி ஒன்றோடொன்று முறுக்கி, மேலே ஷீல்டு வலையைத் தொடர்ந்து இழுத்து மூடினேன். ஷீல்டின் எர்த் ஈசியூ முனையில் மட்டும்தான் இருக்கிறது. சென்சார் முனையில் அதை எதனோடும் சேர்க்கக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் சாயாமல் கிளிப் வைத்துக் கட்டிவிட்டேன்.

பிளக்குகளைக் காயவைத்து மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்து விநாடி செல்ஃப் அடித்தேன். பல வண்டிகளில் அப்படி மிதித்தால் ஈசியூ இன்ஜெக்டரை நிறுத்திவிடும், உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். பிறகு காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பியதும் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. முதல் சில நிமிடம் வெள்ளையும் நீலமுமாகப் புகை, டாப்பெட் சத்தம். இரண்டும் தானாக அடங்கின. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேறும் திருகைத் திறந்து, குமிழி நிற்கும்வரை கூலண்ட் ஊற்றி, ரேடியேட்டர் ஃபேன் தானாக இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விட்டேன்.

ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை. பற்றாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலந்துவிட்டது. புது ஆயில்தான் என்றாலும் அதை இறக்கி, ஃபில்டரோடு மாற்றினேன். புது பேரிங் போட்ட எஞ்சினாக இருந்தால் இதில் யோசிக்கவே கூடாது. எக்ஸாஸ்ட்டில் போன பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்டரையும் கெடுக்கக்கூடும். இன்ஜெக்டர் கப்ளர்களைப் பிடுங்கிவிட்டுத்தான் சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தேன் என்பது அங்கே கைகொடுத்தது. கேஸ்கெட் வேலையைச் சரிபார்க்க, கூலண்ட் டேங்க் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்து ஆவியை இழுத்துப் பார்த்தேன். எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது.

செலவு என்று பார்த்தால், தேடலுக்காக வாங்கியது ஹீட் ஷ்ரிங்க்கும் கிரிம்ப்பும்தான். இரண்டாவது தடவை மாற்றிய ஆயிலும் ஃபில்டரும் அதோடு சேர்த்தி. மற்றதெல்லாம் கையில் இருந்த கருவி, கடன் வாங்கிய கருவி, நேரம்.

அடுத்த தடவை மாற்றிச் செய்யப்போவது சில. கப்ளர் மாற்றும்போது இரண்டு ஒயரையும் சேர்த்து வெட்ட மாட்டேன். ஒன்றை வெட்டி இணைத்து முடித்த பிறகே மற்றது. வெட்டும் முன்னால் பின் எண்ணைத் துணி டேப்பில் எழுதி ஒயரிலேயே ஒட்டிவிடுவேன். இணைத்து முடித்ததும் ஹீட் ஷ்ரிங்க்கைச் சூடாக்கும் முன், கப்ளர் முகத்திலிருந்து ஈசியூ பின் வரை ஒவ்வொரு ஒயராகத் தனித்தனியே பஸர் வைத்துப் பார்ப்பேன். சென்சாரை மாட்டிவைத்து இரண்டு முனைக்கு நடுவே ஓம் பார்ப்பது இதற்கு ஈடாகாது. எர்த் வளையம் உட்காரும் எந்த இடத்துக்கும் பெயின்ட் அடிக்கும் முன் மாஸ்கிங் டேப். ஆர்பிஎம் வருகிறது என்ற ஒன்றை வைத்து கிராங்க் சென்சாரை ஒதுக்கவும் மாட்டேன். பொறியையும் இன்ஜெக்டர் விளக்கையும் ஒரே நேரத்தில் பார்க்கும் சோதனையை, கவர் எதையும் கழற்றும் முன்பே செய்துவிடுவேன். அதற்கு ஆகும் நேரம் கால் மணிதான், பெல்ட் கவரைக் கழற்றிப் பூட்ட அரை நாள் போய்விடுகிறது.

ஓடுகிற எஞ்சினில் எடுத்த சரியான அலையை, ஐடிலில் ஒன்றும் செல்ஃப் அடிக்கும்போது ஒன்றுமாக, நேர அளவோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். கேம் சென்சாரின் அலையையும் இரண்டாவது சேனலில் சேர்த்து எடுத்தாயிற்று; பெல்ட் ஒரு பல் தாண்டினால் இனி கவரைக் கழற்றாமலே இரண்டு அலைக்கும் உள்ள தள்ளலைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.